மச்சான் தேடிய முன் அச்சு

முதலில் ஒரு சத்தம். தேங்காயைக் கல்லில் ஓங்கிப் போட்டது போல, ஒரே ஒரு தடவை. அடுத்த கணம் வண்டியின் மூக்கு இடப்பக்கமாகத் தொப்பென்று இறங்கியது. என் பக்கத்து ஜன்னல் முழுவதும் ஏரித் தண்ணீர் ஆனது. வானமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை; மழைக்காலத்தின் கலங்கிய செந்தண்ணீர் மட்டும்தான். கொஞ்ச தூரம் சறுக்கிக்கொண்டே போய் வண்டி நின்றது. நின்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது. அது இன்னும் எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சவுக்குக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருந்தன.

அந்த ஏரிக்கரைமேல் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் மனைவியின் அண்ணன். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மாப்ள என்பார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் இருந்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், பெண் எடுத்தது செய்யூர்ப் பக்கம். மாமனார் வீட்டில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர்கள். சொந்தமாக வண்டி என்று ஒன்று வாங்கிய முதல் ஆள் மச்சான்தான். கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளில் வெட்டிப் போட்ட கட்டைகளை மணலிலிருந்து சாலைக்கு இழுத்து வருவது அவர் தொழில். அன்று எனக்கு விடுமுறை. செய்யூர் வரைக்கும் சும்மா பேசிக்கொண்டு போகலாமே என்று ஏறி உட்கார்ந்திருந்தேன்.

"மாப்ள, ஆடாதீங்க" என்றார். வண்டிக்குள் குழந்தை ஏதோ தூங்குவது போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பிறகு தலையைத் திருப்பாமலே, மேலே கட்டைகள்மீது உட்கார்ந்திருந்த லோடு ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். "ஒவ்வொருத்தரா வலப்பக்கமா எறங்குங்க. குதிக்கக் கூடாது. சொல்றது காதுல வுழுதா?"

முதல் ஆள் இறங்கியதும் வண்டி இன்னும் கொஞ்சம் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. வலப்பக்கத்தில் பாரமாக இருந்ததே அந்த ஆட்கள்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. இரண்டாவது ஆள் இறங்காமல் அப்படியே தொங்கிக்கொண்டு, "அண்ணாத்த, நான் இப்டியே இருக்கட்டா?" என்று கேட்டான். மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என் கைக்குழந்தையை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அன்று சாயந்திரம் தடுப்பூசிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது.

அவனை அப்படியே தொங்கச் சொல்லிவிட்டார். அடுத்து நான் வெளியே வர வேண்டியிருந்தது. என் பக்கக் கதவைத் திறந்தால் ஏரிக்குள் விழுவேன். அவர் பக்கமாகத்தான் வரவேண்டும். ஆனால் அவர் கால் பிரேக்கில் இருந்தது. அதை எடுக்க முடியாது. அதனால் அவர் மடிமீது ஏறி, ஸ்டியரிங்குக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே நுழைந்து, ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். அப்படி நுழையும்போது அவர் நெஞ்சு என் தோளில் இடித்தது. அவ்வளவு வேகமாக ஒரு மனிதனின் நெஞ்சு அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. முகத்தில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை.

சக்கரங்களுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தைப் பனைமரத்தோடு கயிறு போட்டுக் கட்டி, வயலிலிருந்து டிராக்டர் வந்து சேரும்வரை அவர் உள்ளேயே இருந்தார். "விடுண்ணாத்த, கட்டியாச்சு" என்று ஆட்கள் சொன்னார்கள். அவர் காலை எடுக்கவில்லை. மறுபடி சொன்னார்கள். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவன் கதவைத் திறந்து, குனிந்து, அவர் பாதத்தைக் கையால் பிடித்துப் பிரேக்கிலிருந்து தூக்கி எடுத்தான். கீழே இறங்கியபின் அந்தக் கால் மட்டும் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

முன்னால் போய்ப் பார்த்தோம். இடது முன்சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிப் படுத்துக் கிடந்தது, உறங்கும் நாயின் முன்னங்கால் மாதிரி.

அது வெளிநாட்டில் செய்த பிக்கப். ஏதோ ஒரு கணக்கெடுப்புத் திட்டத்துக்காக இந்தப் பக்கம் வந்து, திட்டம் முடிந்ததும் ஏலத்துக்கு வந்ததை மச்சான் எடுத்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும், மணலில் ராஜா. ஆனால் அதன் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாகத் தொங்குபவை. ஒவ்வொரு சக்கரத்தையும் இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். கையின் நுனியில் ஒரு பந்து மூட்டு, நம் தோள்பட்டை மூட்டு மாதிரி. நல்ல சாலையில் பயணம் சொகுசாக இருப்பதற்காகச் செய்த அமைப்பு. அதன்மேல் ஈரச் சவுக்கை ஏற்றி, குழியிலும் வேரிலும் வருஷக்கணக்காக அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? மூட்டு கழன்றுவிட்டது. அந்த மூட்டு இந்த ஊரில் எங்கும் கிடைக்காது. லேத்தில் கடைந்து போட்டதுதான் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் மச்சான் வழக்கமாகப் போகும் மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தபா இதையே மாட்டுனா இன்னொரு தபா இதே கதிதான். முன்னாடி இருக்கறத மொத்தமா கழட்டிப் போட்டுட்டு, ராணுவ வண்டிங்கள்ல இருக்குமே, இந்தச் சக்கரத்துலேர்ந்து அந்தச் சக்கரம் வரைக்கும் ஒரே இரும்பா ஆக்ஸில், அத உக்கார வச்சிடலாம். நல்லதா ஒண்ணு நீ புடிச்சிக் குடு, நான் வேல முடிச்சிக் குடுக்கறேன்."

மச்சான் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அன்றிரவு சாப்பிடும்போது என்னிடம் மூன்று நான்கு முறை சொன்னார். "ஒரே இரும்பு மாப்ள. மூட்டே கெடையாது. ஒரே இரும்பு."

அப்போது அது நம்பிக்கையாக இருந்தது. அது நோயாக மாறியதை நாங்கள் கவனிக்கக் கொஞ்ச நாளாயிற்று. வண்டி வீட்டுப் பின்புறம் கல்மேல் நின்றது. மச்சான் வீட்டுக்குள் இருந்து பின்கதவு வழியாக வெளியே வருவதை விட்டுவிட்டார். கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றால்கூட வாசல் வழியாக வந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போனார். பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வந்ததும் ஏறமாட்டார். முன்னால் போய்க் குனிந்து இடதுபக்கச் சக்கரத்தைப் பார்ப்பார். கண்டக்டர் விசிலடித்துத் திட்டுவார். ஏறினாலும் நடுவில்தான் நிற்பார். பாலம் வந்தால் கம்பியைப் பிடித்த கை வெளுக்கும். ஒருமுறை திருக்கழுக்குன்றம் போகிற வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். நானும் கூட இறங்கினேன். சாலையோரம் உட்கார்ந்து, "நீங்க போங்க மாப்ள, நான் நடந்து வர்றேன்" என்றார். இருபது வயதிலிருந்து லாரி ஓட்டியவர் அவர். மணலில் புதைந்த வண்டியை எடுக்கக் கோவளத்திலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவரைப் பயந்தவராகப் பார்க்க எனக்குப் பழக்கம் இல்லை. அவரோடு நானும் நடந்தேன். சொல்லப்போனால், அந்த ஜன்னல் தண்ணீர் என் கனவிலும் வந்துகொண்டுதான் இருந்தது.

பாய் சொன்ன ஆக்ஸிலை, அந்த முன் அச்சை, தேடப் போனோம். சென்னையில் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் தெருக்களுக்கு விடுமுறை நாட்களில் அவரோடு போய் வந்தேன். கையில் ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பார். அச்சைத் தரையில் உருட்டிப் போட்டு, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை தட்டிக்கொண்டே போவார், காதைக் கிட்டே வைத்து. எங்கள் வண்டியில் இஞ்சின் இழுப்பை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு வலப்பக்கமாக வருவதால், அச்சின் பல்சக்கர உருண்டையும் வலப்பக்கம் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் அதிலேயே கழிந்துவிடும். மிஞ்சியதில் அகலம் சேராது; அகலம் சேர்ந்தால் லோடு தாங்காது. எல்லாம் பொருந்தினால் மச்சான் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பார். "இது எந்த வண்டிலேர்ந்து வந்துச்சி? அந்த வண்டிக்கு இன்னா ஆச்சி?"

யாருக்குத் தெரியும் அது? "வண்டி உடைஞ்சதாலதான்பா கடைக்கு வருது" என்பார்கள். அந்தப் பதிலோடு அவர் திரும்பிவிடுவார்.

ஒருநாள் பாயே கூட வந்தார். எல்லா வகையிலும் பொருந்துகிற ஓர் அச்சு அன்று கிடைத்தது. அகலம் சரி, உருண்டை வலப்பக்கம், கறுப்பு வண்ணம் அடித்துப் பளபளவென்று இருந்தது. பாய் அதைச் சுற்றி வந்துவிட்டு, "இதான். தூக்கு" என்றார். மச்சான் சுத்தியலால் தட்டினார். ஓர் இடத்தில் நின்றார். மறுபடி தட்டினார். எங்களுக்கு வித்தியாசம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

என் வேலை அதுதான். குழாய்களின் பற்றவைப்பில் விரிசல் இருக்கிறதா என்று சோதிப்பவன் நான். சிவப்பு மையைத் தடவி, ஊறவிட்டு, துடைத்துவிட்டு, அதன்மேல் வெள்ளைப் பூச்சைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்த மை மெல்லக் கசிந்து சிவப்புக் கோடாக வெளியே வரும். மச்சான் கேட்டுக்கொண்டதால் அந்தப் புட்டிகளை வெளியில் விலைக்கு வாங்கிப் பையில் வைத்திருந்தேன். வண்ணத்தைச் சுரண்டித் துடைத்துவிட்டு மையைத் தடவினேன். கடைக்காரர் எரிச்சலோடு, "இன்னாபா, ஆஸ்பத்திரியா இது?" என்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். வெள்ளையைத் தெளித்து எல்லோரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, பிளேடு கிழித்த தோலில் ரத்தம் வருமே, அது போல ஒரு மெல்லிய சிவப்புக் கோடு அச்சைச் சுற்றி வர ஆரம்பித்தது. முன்பே உடைந்து, பற்றவைத்து, வண்ணம் பூசி மூடியிருக்கிறார்கள். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாய் தலையில் கைவைத்துக்கொண்டு, "நான் தூக்கச் சொன்னேனே" என்றார்.

திரும்பி வரும்போது மச்சான் கேட்டார். "விரிசல் இருந்தா நீங்க சொல்லிடுவீங்க. விரிசல் இல்லன்னா, இல்லன்னு சொல்வீங்களா?"

வேலையில் நாங்கள் எப்படிச் சொல்வோமோ அப்படியே சொன்னேன். "இல்லன்னு சொல்ல மாட்டோம் மச்சான். தெரியலன்னு சொல்வோம்."

அந்த ஒரு வாக்கியம் அவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது பிறகுதான் தெரிந்தது. அதன்பின் பார்த்த எந்த அச்சும் அவருக்குப் போதவில்லை. மை போட்டுப் பார்த்து ஒன்றும் வராவிட்டால், "தெரியல, அவ்ளோதானே?" என்பார். தட்டிப் பார்த்து நல்ல சத்தம் வந்தால், "இன்னிக்கி நல்லா கீது" என்பார். பாய்க்குப் பொறுமை போய்விட்டது. லோடு ஆட்கள் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டார்கள். தோப்புக்காரர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். மச்சான் வாசலில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எங்களுக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

மச்சானின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதுவரை அந்த வண்டி விஷயத்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் முடிந்து வெளியே வரும்போது என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, நாளிக்கி லீவு போட முடியுமா? கழிவெளிப் பக்கம் உப்பளத்துல ஒரு வண்டி கீதாம். அவருகிட்ட சொல்லாதீங்க."

போனோம். செய்யூருக்குக் கிழக்கே, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் கழிவெளியை ஒட்டிய உப்பளம் அது. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே, ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஒரு டன் வண்டி நின்றது. உடம்பெல்லாம் உப்பு தின்று ஓட்டை விழுந்திருந்தது. "அக்கா, இது உப்புல கெடந்த இரும்பு" என்றேன். மேஸ்திரி வந்து, போன மழைக்கு இஞ்சின் போய்விட்டது, மற்றபடி வருஷக்கணக்கில் தினமும் ஓடியது என்றார். அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியையும் சரியாகப் பார்க்கவில்லை. நேராகப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களிடம் போனார்.

"இந்த வண்டில நீங்க போயிகினு இருந்தீங்களா?"

"தெனம் அதுலதான் வருவோம் போவோம்" என்றாள் ஒருத்தி.

"எதுனா ஆச்சா எப்பனா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வயதில் பெரியவள் ஒருத்தி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "ஒரு தபா கவுந்துச்சிமா. வரப்பு சரிஞ்சி கழிவெளிக்குள்ள அப்டியே உருண்டுடுச்சி. நாங்க பதினஞ்சி பேரு உள்ள. தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுச்சி. நாங்க செத்தோம்னுதான் நெனச்சோம்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? கயிறு போட்டுத் தூக்கி நிமுத்தினாங்க. சாயங்காலம் அதே வண்டில வூட்டுக்குப் போனோம்."

நான் அக்காவின் கையைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினேன். கவிழ்ந்த வண்டி. இதை மச்சானிடம் எப்படிச் சொல்வது? அக்கா அங்கேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மேஸ்திரியிடம் திரும்பி, "மொத்த வண்டியையும் எடுத்துக்கறோம்" என்றார்.

டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது மச்சான் எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, அக்காவைப் பார்த்து, "உனுக்கு இன்னா தெரியும் இத பத்தி?" என்றார். நான் பார்த்தவரை அவர் அக்காவிடம் அப்படிப் பேசியதில்லை. அக்கா பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"ஒண்ணும் தெரியாது. உள்ள போனவங்கள கேட்டேன். கவுந்துச்சின்னாங்க."

"கவுந்துச்சா?"

"கழிவெளிக்குள்ள உருண்டுச்சாம். பதினஞ்சி பேரு இருந்தாங்களாம்."

"செத்தாங்களா?"

"உப்பு வாரிகினு கீறாங்க. நாந்தான் பேசிட்டு வந்தேனே."

மச்சான் படியிலேயே நின்றார். அவர் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஆக்ஸில்?"

"சாயங்காலம் அதே வண்டிலதான் வூட்டுக்குப் போனாங்களாம்."

அவர் இறங்கி வந்தார். வண்டிக்கு முன்னால் மண்டியிட்டார். உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்து வரவில்லை. துருவின் மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை தடவிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்து, "மை கொணாந்தீங்களா மாப்ள?" என்றார். கொண்டு வந்திருந்தேன். துருவைத் தேய்த்து எடுக்கவே அன்றைய பொழுது போயிற்று. மை, துடைப்பு, வெள்ளை. குனிந்து பார்த்தேன். அவர் அச்சைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மச்சான்" என்றேன்.

"சரி" என்றார் அவர்.

அந்த 'சரி'யைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். கண்டதையெல்லாம் தள்ளியவர், உப்பு தின்ற அச்சை ஏன் ஏற்றுக்கொண்டார்? நாங்கள் காட்டியவை எல்லாம் இனிமேல் என்ன ஆகுமோ தெரியாத அச்சுகள். இதற்கோ ஆக வேண்டியது ஏற்கெனவே ஆகிவிட்டது. விழுந்து, மூழ்கி, எழுந்து, ஆட்களை வீடு சேர்த்த அச்சு. பயந்தவனுக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கும். அக்கா இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

இரண்டு வண்டிகளையும் செங்கல்பட்டுப் பட்டறைக்கு இழுத்துப் போனோம்; பாய் பிரித்துப் பார்த்தார். மேலே துருவே ஒழிய உள்ளே எண்ணெய் சுத்தமாக இருந்தது, பற்களில் தேய்மானம் இல்லை. முன்னும் பின்னும் பல் கணக்கு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, அந்த ஒரு டன் வண்டியின் பின் அச்சையும் கழற்றி இதிலேயே போட்டார். தொங்கும் கைகளையெல்லாம் அறுத்து எறிந்துவிட்டு, இரும்புப் பட்டைகளை அடுக்கி அதன்மேல் முன்பக்கத்தை உட்கார வைத்தார். வண்டி முன்னைவிட உயரமாக, முரட்டுத்தனமாக நின்றது. பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "லோடு இல்லாம மாமல்லபுரம் போயி, கடற்கரை ரோட்டுல திருவிடந்தை வரைக்கும் ஓட்டிப் பாரு" என்றார்.

யாராவது கூடப் போக வேண்டும். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே ஏறி உட்கார்ந்தேன். அவர் தனியாகப் போவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. மச்சான் ஏறினார். சாவியைத் திருப்பவில்லை. வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பின் திருப்பினார். திருக்கழுக்குன்றம்வரை மாட்டுவண்டி வேகம். எங்களைத் தாண்டிப் போன சைக்கிள்காரர் ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமல்லபுரம் தாண்டியதும் சாலை நேரானது. வலதுபக்கம் சவுக்குகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது. வேகம் ஏறியது. எனக்கும் மூச்சு வந்தது.

நெம்மேலியைத் தாண்டி ஒரு சிறுபாலம். பாலமும் சாலையும் சேரும் மேட்டில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. அவ்வளவுதான். வண்டியின் முன்பக்கம் முழுவதும் தலையை உதறிக்கொள்ள ஆரம்பித்தது. ஸ்டியரிங் அவர் கையில் இடமும் வலமுமாகத் துடித்தது. அவர் மணிக்கட்டுகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஆடின. கதவு, கண்ணாடி, என் பற்கள் எல்லாம் அடித்துக்கொண்டன. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நான் கத்தினேன் என்று பிறகு மச்சான் சொன்னார். எனக்கு நினைவில் இருப்பது ஒன்றுதான்: எந்த நொடியிலும் அந்தத் தேங்காய் உடையும் சத்தம் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

அவர் பிரேக் பிடிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை இறுக்காமல் விரல்களால் தாங்கி, வண்டியை இடப்பக்கம் மணலுக்கு இறக்கினார். வேகம் குறையக் குறைய உதறல் குறைந்து, நின்றது. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. நான் கதவைத் திறந்து கீழே இறங்கி, மணலில் உட்கார்ந்துவிட்டேன். இனி இவர் வாழ்நாளில் வண்டியைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். நானும் தொடமாட்டேன்.

மச்சான் இறங்கி முன்னால் போனார். குனிந்து அச்சுக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குரல் பழைய குரல்.

"ஒடையல மாப்ள. இது சாய்மானம் சரியில்ல. சைக்கிளு முன்கவை பின்னால சாஞ்சி இருக்குதில்ல? அதனாலதான் கைய வுட்டாலும் நேரா போவுது. இது செங்குத்தா உக்காந்துகினு கீது. ஆப்பு வச்சா சரியாப் பூடும்." கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, "எதுக்குப் பயந்தோம்னு தெரிஞ்சிடுச்சி, பாத்தீங்களா" என்றார்.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கு இருந்தது. பாய் மறுநாள் அச்சுக்கும் இரும்புப் பட்டைக்கும் நடுவே இரண்டு இரும்பு ஆப்புகளைச் செருகி இறுக்கினார். அதன்பின் அந்த வண்டி ஒருநாளும் தலையை உதறவில்லை.

ஆனால் மச்சானின் பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். லோடு ஆட்கள் திரும்பி வந்தார்கள். தோப்பு வேலைகள் வந்தன. எங்கும் ஓட்டுவார், மணலில், சேற்றில், கழிவெளி ஓரத்தில். அந்த ஏரிக்கரைக்கு மட்டும் வந்தால் கரை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்துவார். "எறங்குங்க" என்பார். எல்லோரும் இறங்க வேண்டும். லோடு ஆட்கள், நான், யாராக இருந்தாலும். அவர் மட்டும் தனியாக, நடக்கும் வேகத்தில் கரையைக் கடப்பார். நாங்கள் பின்னால் நடந்து வருவோம். மறுமுனையில் காத்திருந்து ஏற்றிக்கொள்வார். புதிதாக வந்த ஆட்கள் கேலி பேசினார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. கடற்கரைச் சாலை அகலமாகி, அந்தப் பக்கமெல்லாம் வேலிபோட்ட மனைகள் ஆயின. கம்ப்யூட்டர் வேலைக்காரப் பிள்ளைகள் சனி ஞாயிறுகளில் புது ஜீப்புகளைக் கொண்டுவந்து மணலில் புதைத்துவிட்டு மச்சானைத் தேடி வந்தார்கள். ஏரிக்கரையில் மட்டும் எதுவும் மாறவில்லை. நிறுத்துவார், இறங்குவோம், நடப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலம். செய்யூரில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லோரும் அந்த வண்டியிலேயே போனோம். பின்னால் தார்ப்பாய் கட்டி, பிள்ளைகளோடு நானும் என் மனைவியும். முன்னால் மச்சானும் அக்காவும். கரை வந்தது. வண்டி நின்றது. நல்ல மழை. ஏரி நிரம்பி, கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல் இறங்கினோம். அக்கா இறங்கவில்லை.

"எறங்கு" என்றார் மச்சான்.

"மழ பேயுது."

"கொட இருக்குது. எறங்கு."

"நான் எறங்கல."

மச்சான் இறங்கி வந்து அக்கா பக்கக் கதவைத் திறந்தார். ஏரிப்பக்கம் அது. மழையில் நனைந்துகொண்டே நின்று கெஞ்சினார்; பிறகு அதட்டினார்; மறுபடி கெஞ்சினார். அக்கா பட்டுப்புடவையை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்திலும் பயம்தான் இருந்தது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

"இத்தினி வருசமா நீ தனியா போறத பின்னால நின்னு பாத்துகினு கீறேன்" என்றார் அக்கா. "அது எப்டி இருக்கும்னு உனுக்குத் தெரியாது. நான் எறங்க மாட்டேன். ஓட்டு."

மச்சான் கதவை மூடினார். சுற்றி வந்து ஏறினார். வண்டி நகர்ந்தது. நாங்கள் குழந்தைகளை முந்தானையாலும் துண்டாலும் மூடிக்கொண்டு பின்னால் நடந்தோம். சிவப்பு விளக்கு மழைக்குள் மெல்ல, மெல்லப் போனது. என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது, ஆனால் நான் சொல்லவில்லை. கரையின் நடுவே, அந்தப் பனைமரத்தருகே, வண்டி ஒருகணம் நின்றது. எங்கள் எல்லோருடைய கால்களும் நின்றன. பிறகு அது மறுபடி நகர்ந்தது.

நாங்கள் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் இடதுகை கியர் மேல் இருந்தது. அதன்மேல் அக்காவின் கை இருந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா கையை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க தம்பி, நேரமாவுது" என்றார்.

மச்சானுக்கு இப்போது கண் சரியில்லை, ஓட்டுவதை விட்டுவிட்டார். அந்தக் கரை அகலமாகி, தார் போட்டு, ஓரத்தில் தடுப்புச் சுவரும் வந்துவிட்டது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போது நான் ஏரிப்பக்கம் உட்காருவதில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகும் ஓட்டிய காலம்வரை மச்சான் கரைமுனையில் நிறுத்தத்தான் செய்தார். இறங்கச் சொன்னார். நாங்கள் இறங்கினோம். அக்கா வந்த நாட்களில் அக்காவை மட்டும் இறங்கச் சொல்லவில்லை. அக்காவும் கதவுப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.